பத்து ரூபாய் பல்பும் பழைய மாடக்குழியும்

பழைய குண்டு பல்பு ஒன்றைக் கொடுங்கள். அதோடு பத்து ரூபாய் கொடுங்கள். புது பல்பை வாங்கிக்கொண்டு போங்கள்!

2014-ம் ஆண்டில் புதுவை மக்களுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தது. வீட்டுக்கு மூன்று பல்பு. 60 வாட் பழைய பல்பைக் கொடுத்தவர்களுக்கு 7 வாட் எல்.இ.டி. பல்பு கிடைத்தது.

"60 எங்கே, 7 எங்கே? இது எரியுமா? இருட்டாக இருக்காதா?" என்று பலருக்குச் சந்தேகம்.

வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினார்கள். சுவிட்சைத் தட்டினார்கள். வெளிச்சம் குறையவில்லை!

இன்று இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் எல்.இ.டி. பல்பு எரிகிறது. குடிசையிலும் எரிகிறது, மாளிகையிலும் எரிகிறது. வீடுவீடாக அதைக் கொடுக்கும் அந்தப் பெரிய திட்டம் முதன்முதலில் நடைபெற்ற இடம் நம் புதுவைதான்.

பல்பு வந்துவிட்டது. விலையும் குறைந்துவிட்டது. ஆனால், அந்த வெளிச்சத்தை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. அதையும் சொல்லித்தரப் புதுவையிலேயே கட்டிடங்கள் இருக்கின்றன.

பத்து ரூபாய்க்கு எப்படி?

அந்த பல்பின் உண்மையான விலை பத்து ரூபாய் அல்ல. 2014-ம் ஆண்டு தொடக்கத்தில் மொத்தமாக வாங்கியபோதே ஒன்றின் விலை 310 ரூபாய். சாதாரணக் குடும்பம் மூன்று பல்புக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்குமா?

மத்திய மின்துறையைச் சேர்ந்த அரசு நிறுவனங்கள் கூடி நடத்தும் "இ.இ.எஸ்.எல்." என்ற நிறுவனம் ஒரு யோசனை செய்தது. "மக்கள் பத்து ரூபாய் கொடுத்தால் போதும். மீதிப் பணத்தை நாங்கள் போடுகிறோம். புது பல்பினால் மின்சாரம் மிச்சமாகும். அந்த மிச்சத்தில் இருந்து மின்துறை எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரட்டும்" என்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வாட் பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட் ஆகும். 7 வாட் பல்பு அதே நேரம் எரிந்தால் ஏறக்குறைய ஒரே ஒரு யூனிட்! ஒரு பல்பில் மாதம் 8 யூனிட் மிச்சம். மூன்று பல்பில் 24 யூனிட். வருடத்துக்கு 290 யூனிட் வரை மிச்சம் பிடிக்கலாம்.

ஒரு வீட்டில் இவ்வளவு என்றால், ஊர் முழுவதும் எவ்வளவு? அந்த மின்சாரத்தை மின்துறை வெளியில் இருந்து விலை கொடுத்து வாங்க வேண்டியது இல்லை அல்லவா? அந்தப் பணத்தில்தான் பல்பின் விலை அடைந்தது.

புதுவையில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பல்புகள் கொடுக்கப்பட்டன. திட்டம் வெற்றி பெற்றது. 2015-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி அது நாடு முழுவதற்கும் விரிந்தது. பிறகு அதற்கு "உஜாலா" என்று பெயர் வந்தது. கோடிக்கணக்கில் வாங்கியதால் விலை மளமளவென்று சரிந்தது. 310 ரூபாய் பல்பு, 2016-ல் 38 ரூபாய்க்கு வந்துவிட்டது! இந்தத் திட்டத்தில் நாடு முழுவதும் 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் கொடுக்கப்பட்டன.

சூடா, வெளிச்சமா?

7 வாட் பல்பு எப்படி 60 வாட் பல்புக்கு ஈடாகிறது? இதில் மாயமோ மந்திரமோ இல்லை.

பழைய குண்டு பல்புக்குள் மெல்லிய கம்பி ஒன்று இருந்தது. மின்சாரம் பாய்ந்ததும் அந்தக் கம்பி பழுக்கக் காய்ந்தது. கொல்லன் உலையில் இரும்பு பழுத்து ஒளிவிடுவது போல அது ஒளிவிட்டது. நாம் கொடுத்த மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் சூடாகப் போனது. வெளிச்சமாக வந்தது மிகக் கொஞ்சம். எரியும் பல்பைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இது தெரியும்.

பிறகு டியூப் லைட் வந்தது. அதன் தம்பியாக, வளைந்து நெளிந்த சி.எப்.எல். பல்பு வந்தது. அவை மின்சாரத்தை மிச்சப்படுத்தின. ஆனால் அவற்றின் உள்ளே பாதரசம் இருந்தது. உடைந்தால் ஆபத்து.

எல்.இ.டி. பல்பில் கம்பியும் இல்லை. பாதரசமும் இல்லை. கடுகு அளவு, எள் அளவு உள்ள சில்லுகள் இருக்கின்றன. அந்தச் சில்லில் இரண்டு அடுக்குகள். ஓர் அடுக்கில் இருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் தாண்டும்போது, மின் அணுக்கள் தங்கள் சக்தியில் ஒரு பகுதியை ஒளியாக வெளிவிடுகின்றன. ஒளி தருவதற்காக எதையும் பழுக்கக் காய்ச்ச வேண்டியது இல்லை.

நீல நிறத்துக்காக 30 ஆண்டு

சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை அமெரிக்க விஞ்ஞானி நிக் ஹோலன்யாக் 1962-ம் ஆண்டு செய்து காட்டினார். அதே 1962-ல்தான் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது!

பிறகு பச்சை வந்தது, மஞ்சள் வந்தது. கடிகாரத்திலும் ரேடியோவிலும் சின்னச் சின்னப் புள்ளிகளாக அவை மின்னின. ஆனால், வீட்டுக்கு வெள்ளை வெளிச்சம் அல்லவா வேண்டும்? வெள்ளை வேண்டுமானால் நீலம் வேண்டும். அந்த நீலம் மட்டும் விஞ்ஞானிகளுக்குப் பிடிகொடுக்கவே இல்லை.

ஜப்பானில் மூன்று பேர் விடாப்பிடியாக நின்றார்கள். நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும் உழைத்தார்கள். ஷிகோகு தீவில் ஒரு ரசாயன கம்பெனியில் ஷூஜி நகமுரா உழைத்தார். "காலியம் நைட்ரைடு" என்ற பொருளால் பயன் இல்லை என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். இவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் பிரகாசமான நீல ஒளி பிறந்தது!

நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளி தரும் பொடியைப் பூசினார்கள். நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. இன்று வீட்டில் எரியும் எல்.இ.டி. பல்பின் ரகசியம் இதுதான். மூவருக்கும் 2014-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. புதுவைக்காரர்கள் பத்து ரூபாய்க்கு பல்பு வாங்கிய அதே ஆண்டு!

வெளிச்சம் கூடினால் போதுமா?

மின்சாரச் செலவு குறைந்ததும் மனிதனுக்கு ஆசை கூடிவிட்டது. ஒரு விளக்கு இருந்த அறையில் ஆறு விளக்குகள். கூரையில் வரிசையாகக் குழிவிளக்குகள். வாசலில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம். "செலவுதான் இல்லையே!" என்கிறார்கள்.

ஆனால் அந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவர் நெற்றியைச் சுருக்குகிறார். பாட்டி கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொள்கிறாள். பையன் எழுதும் நோட்டில் அவன் கை நிழலே விழுகிறது. வெளிச்சத்துக்குக் குறைவில்லை. வேண்டிய இடத்தில்தான் வெளிச்சம் இல்லை!

புதுவைக் கடற்கரைச் சாலையில் பழைய கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. 1836-ல் அதில் முதன்முதலாக விளக்கேற்றினார்கள். 1979-ல் புதுக் கலங்கரை விளக்கம் வந்ததும் அது ஓய்வு பெற்றது. ஊருக்கு வெளிச்சம் காட்டுவது அதன் வேலை அல்ல. கடலில் போகும் கப்பலுக்கு மட்டும் காட்டினால் போதும்.

விளக்கு வைப்பதில் முதல் பாடம் அதுவே. வெளிச்சம் யாருக்கு வேண்டும்? எங்கே விழ வேண்டும்? இதை முதலில் கேட்க வேண்டும். எத்தனை பல்பு என்பது அதற்குப் பிறகுதான்.

மாடக்குழி ரகசியம்

நம் முன்னோர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

புதுவையில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வீடுகள். மேற்கே தமிழர் வீடுகள். வைசியாள் வீதி போன்ற தெருக்களில் பழைய தமிழ் வீடுகள் இன்றும் இருக்கின்றன. தெருப்பக்கம் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம். அடுத்துத் திண்ணை. உள்ளே நடுவில் முற்றம்.

முற்றம் என்பது மழைநீருக்காக மட்டும் விட்ட இடம் அல்ல. அது வீட்டின் பகல் விளக்கு! மேலே இருந்து விழும் வெளிச்சம் தரையில் பட்டு, வெள்ளைச் சுவரில் பட்டு, சுற்றி உள்ள அறைகளுக்குப் போகிறது. சூரியன் நேராகக் கண்ணில் குத்துவது இல்லை. சுற்றி இறங்கும் ஓட்டுக்கூரை வெயிலைத் தடுத்துவிடுகிறது.

இரவில் என்ன செய்தார்கள்? சுவரில் மாடக்குழி வைத்தார்கள். அதில் அகல் விளக்கு. சின்னத் திரிதான். ஆனால் பின்னால் சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர். மூன்று பக்கமும் சுவர் இருப்பதால் காற்று சுடரை அணைக்காது. விளக்கின் ஒளி அந்த வெள்ளைக் குழியில் பட்டு, மெத்தென்று முன்னால் பரவும்.

இன்று பெரிய ஓட்டல்களில் கூரை ஓரத்துப் பள்ளத்தில் எல்.இ.டி. பட்டையை ஒளித்து வைக்கிறார்கள். விளக்கு கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் மட்டும் சுவர் வழியாக இறங்கி வரும். "மறைவு விளக்கு" என்று அதற்கு நிபுணர்கள் நிறையப் பணம் வாங்குகிறார்கள். யோசித்துப் பார்த்தால், அது மாடக்குழியின் பேரப்பிள்ளைதான்!

வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சு வீடுகளிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. உயரமான ஜன்னல்கள். அவற்றில் சாய்ந்த பலகைகள் அடுக்கிய மரக்கதவுகள். வெயிலை வெளியே நிறுத்தி, காற்றையும் சற்று வெளிச்சத்தையும் அவை உள்ளே விடும்.

கண்ணாடி இல்லாத அதிசயம்

அந்தச் சாய்ந்த பலகை யோசனை ஒரு கட்டிடம் முழுவதும் பரவினால் எப்படி இருக்கும்? புதுவையில் அப்படி ஒரு கட்டிடம் இருக்கிறது. அதன் பெயர் "கோல்கொண்ட்". அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி அது. உலகெங்கும் உள்ள கட்டிடக் கலைஞர்களுக்கு அதன் பெயர் தெரியும்.

அதை வரைந்தவர் அன்டோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்தவர். அமெரிக்காவில் புகழ்பெற்ற பிராங்க் லாய்டு ரைட்டிடம் வேலை பார்த்து, ஜப்பானில் தொழில் நடத்தியவர். அவரோடு வந்தவர்கள் இருவர். ஒருவர் செக் நாட்டு பிரான்டிசெக் சாமர். மற்றவர் ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர் ஜார்ஜ் நகஷிமா. நகஷிமா பிற்காலத்தில் மரவேலையில் உலகப் புகழ் பெற்றார்.

ஐதராபாத் நிஜாமின் அரசு ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை தந்தது. அதைப் பெற்றுத் தந்தவர் திவான் சர் அக்பர் ஹைதரி. அந்த நன்றிக்காகத்தான் ஐதராபாத்தின் பழைய கோட்டையான கோல்கொண்டாவின் பெயர் வந்தது. 1937-ல் வேலை தொடங்கியது. உலக யுத்த காலத்திலும் நடந்து, 1940-களில் முடிந்தது. பூட்டு, கைப்பிடி முதலியவற்றுக்குப் பித்தளை வேண்டியிருந்தது. பக்தர்கள் கொடுத்த பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள்!

இந்தக் கட்டிடத்தின் விசேஷம் என்ன? வடக்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் சுவருக்குப் பதிலாகச் சாய்த்துத் திருப்பக்கூடிய பலகைகள். கண்ணாடி ஜன்னல் கிடையாது. பலகையைத் திருப்பினால் காற்று வரும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் வெளிச்சம் கூடும். மழை வந்தால் மூடிவிடலாம். உள்ளே அறைகளுக்குத் தேக்குமரத்தில் இடைவெளி விட்ட தள்ளுகதவுகள். தரையில் கறுப்புக் கடப்பைக் கல். சுவரில் கிளிஞ்சல் சேர்த்து இழைத்த வெள்ளைப் பூச்சு.

நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படி கட்டியதற்கும் காரணம் இருக்கிறது. கிழக்கு, மேற்கு வெயில் தாழ்வாக வந்து நேராக அறைக்குள் நுழையும். கண் கூசும், உடம்பு வியர்க்கும். வடக்கு, தெற்குப் பக்கம் அந்தத் தொல்லை குறைவு.

பகலில் விளக்குப் போட வேண்டிய அவசியம் இல்லாத கட்டிடமே மிகச் சிக்கனமான கட்டிடம். 7 வாட் பல்பு மிச்சம் பிடிக்கிறது, உண்மைதான். ஆனால் நல்ல ஜன்னல் அதையும் மிச்சம் பிடித்துவிடும்! இன்று பெரிய அலுவலகங்களில் ஜன்னல் ஓரத்து விளக்குகள் பகல் வெளிச்சத்தைப் பார்த்துத் தாமே மங்கிக்கொள்கின்றன. அந்தக் கருவியும் ஜன்னலுக்குக் கொடுக்கும் மரியாதைதான்.

சேலைக்கடையில் ஒரு பாடம்

கடையில் அரக்கு நிறம் என்று எடுத்த சேலை, வாசலுக்கு வந்ததும் வேறு நிறமாகத் தெரிகிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. விளக்குதான் ஏமாற்றியது!

வெள்ளை விளக்கு எல்லாம் ஒரே வெள்ளை அல்ல. பல்பு அட்டையில் "கெல்வின்" என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 2700 என்றால் பழைய குண்டு பல்பு போன்ற இளமஞ்சள். 4000 என்றால் நடுத்தர வெள்ளை. 6500 என்றால் நீலம் கலந்த குளிர்ந்த வெள்ளை.

எந்த விளக்கு எந்த இடத்துக்கு? படிப்பதற்கும் சமைப்பதற்கும் நடுத்தர வெள்ளை வசதியாக இருக்கும். படுக்கை அறைக்கு இளமஞ்சள் ஏற்றது. நீலம் மிகுந்த வெளிச்சம் இரவில் "இன்னும் பகல்தான்" என்று மூளையை ஏமாற்றிவிடும். தூக்கம் வர வைக்கும் சுரப்பு குறையும். தூக்கம் தள்ளிப்போகும்.

நிறத்தைச் சரியாகக் காட்டும் திறமைக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. அதற்கு "சி.ஆர்.ஐ." என்று பெயர். சூரிய ஒளிக்கு 100 மார்க். 80 மார்க் வாங்கிய பல்பு வீட்டுக்குப் போதும். துணிக்கடைக்கும் ஓவியம் வைத்த அறைக்கும் 90 இருந்தால் நல்லது. மார்க் குறைந்த பல்பின் கீழ் தக்காளி வாடித் தெரியும். முகமும் வெளுத்துத் தெரியும்.

வீட்டில் எங்கே, எந்த விளக்கு?

சமையலறை: கூரை நடுவில் ஒரே விளக்கு இருந்தால் சமைப்பவரின் நிழல் காய் நறுக்கும் பலகையில் விழும். மேல் அலமாரியின் அடியில் சிறு எல்.இ.டி. பட்டை ஒன்றை ஒட்டிவிட்டால் நிழல் போய்விடும். விரலும் தப்பும்!

படிக்கும் மேஜை: வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கத்தில் இருந்து வெளிச்சம் வர வேண்டும். இடக்கைப் பிள்ளைக்கு வலப்பக்கம். அறை இருட்டாக இருக்க, மேஜையில் மட்டும் பளீரென்று விளக்கு எரிவதும் நல்லதல்ல. கண் இரண்டுக்கும் இடையே அலைந்து களைத்துவிடும்.

பெரியவர்கள்: 60 வயதுக்காரருக்கு இளைஞரைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் கண் கூச்சமும் அவருக்குத்தான் அதிகம். ஆகவே பல்பு நேராகத் தெரியாமல் மூடியோ, சுவரைப் பார்க்கத் திருப்பியோ வைக்க வேண்டும். குளியலறைக்குப் போகும் வழியில் முழங்கால் உயரத்தில் ஒரு சிறு இளமஞ்சள் விளக்கு இருந்தால் போதும். இரவில் எழுந்து வருபவர் தடுக்கி விழ மாட்டார். ஆள் நடந்தால் தானே எரிந்து, போனதும் தானே அணையும் விளக்கும் இப்போது கிடைக்கிறது.

சுவர்: கருநீலமும் கரும்பழுப்பும் பூசிவிட்டு "வெளிச்சம் போதவில்லை" என்றால் பல்பு என்ன செய்யும்? கறுத்த சுவர் ஒளியைத் தின்றுவிடும். வெள்ளைச் சுவர் திருப்பித் தரும். ஒரு டின் வெள்ளைப் பெயிண்ட் இரண்டு பல்புக்குச் சமம்.

கட்டிடத்தின் முகத்தில்

பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14-ல் கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தை விளக்குகளால் அலங்கரிப்பது புதுவை வழக்கம். மக்கள் திரண்டு வந்து பார்ப்பார்கள்.

கட்டிடத்துக்கு விளக்குப் போடுவதும் ஒரு கலை. எதிரில் இருந்து பெரிய விளக்கை அடித்தால் சுவர் தட்டையாகத் தெரியும். தூணும் வளைவும் மறைந்துவிடும். சுவரை ஒட்டிக் கீழே இருந்து மேல்நோக்கிச் சின்ன விளக்குகளை வைத்தால், ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். முன்பு இதற்கு நூற்றுக்கணக்கான வாட் விளக்கு வேண்டியிருந்தது. சூடும் அதிகம். இப்போது சில பத்து வாட் எல்.இ.டி. அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

நிறத்திலும் கவனம் வேண்டும். புதுவையின் பிரெஞ்சு வீடுகளுக்கு மஞ்சள் சுவரே அழகு. அந்தச் சுவரில் 6500 கெல்வின் நீலவெள்ளையை அடித்தால் மஞ்சள் செத்துவிடும். சுவர் நோயாளி முகம் போல ஆகிவிடும். இளமஞ்சள் விளக்கை மெல்லக் காட்டினால் அதே சுவர் பொன்னாக மின்னும். விளக்கின் விலை ஒன்றுதான். பலன் வேறு.

ஆமைக்குஞ்சின் வழி

நம் வீட்டு வெளிச்சம் நம் வீட்டோடு நிற்பது இல்லை. கடலோரத்தில் அது ஓர் உயிர்ப் பிரச்சினை ஆகிவிடுகிறது.

புதுவை நகரக் கரையில் பாறைகள் அடுக்கி இருக்கிறார்கள். ஆனால் நகருக்கு வெளியே மீனவர் கிராமங்களின் மணலில் ஒவ்வோர் ஆண்டும் பங்குனி ஆமைகள் வந்து முட்டை இடுகின்றன. சுமார் 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவருகின்றன. பெரும்பாலும் இரவில்தான் வருகின்றன. அம்மா பக்கத்தில் இல்லை. வழி சொல்ல ஆள் இல்லை. எந்தப் பக்கம் வானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போகின்றன. இயற்கையில் அது கடல்பக்கம்தான்.

கரையில் வெள்ளை விளக்கு எரிந்தால்? குஞ்சுகள் ஊரை நோக்கித் திரும்பிவிடுகின்றன. நாயிடமும் காக்கையிடமும் சிக்குகின்றன. சாலையில் நசுங்குகின்றன. காலை வெயிலில் காய்ந்து சாகின்றன.

இதற்காக ஊரை இருட்டாக்க வேண்டியது இல்லை. விளக்குக்குத் தொப்பி போட்டு, கீழ்நோக்கித் திருப்பினால் போதும். கடல் பக்கம் ஒளி போகாமல் மறைக்கலாம். நீலவெள்ளைக்குப் பதிலாக ஆரஞ்சு கலந்த மஞ்சள் விளக்குப் போடலாம். குஞ்சு பொரிக்கும் மாதங்களில் வேண்டாத விளக்கை அணைத்து வைக்கலாம். நீலம் குறைந்த விளக்கில் பூச்சிகளும் குறைவாகவே மொய்க்கும். வாசலில் உட்காருபவருக்கும் லாபம்தான்.

பல்பு ஏன் சாகிறது?

"25 ஆயிரம் மணி நேரம் எரியும் என்றார்கள். இரண்டே வருடத்தில் போய்விட்டதே!" இந்தக் குறை பல வீடுகளில் கேட்கிறது.

தினம் 5 மணி நேரம் எரிந்தால் 25 ஆயிரம் மணி என்பது 13 வருடத்துக்கு மேல். ஒளி தரும் சில்லு அவ்வளவு காலம் தாங்கக்கூடியதுதான். பெரும்பாலும் கெட்டுப்போவது அதற்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன மின்கருவி. அதன் எமன் இரண்டு. ஒன்று, மின்சாரம் திடீரென்று ஏறி இறங்குவது. இரண்டாவது, சூடு.

எல்.இ.டி.யிலும் கொஞ்சம் சூடு உண்டு. அது பல்பின் அடிப்பாகம் வழியாக வெளியே போக வேண்டும். காற்று புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் பல்பை அடைத்தால் அதற்கு மூச்சு முட்டும். ஆயுளும் குறையும்.

கடையில் வாங்கும்போது வாட் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். வாட் என்பது பல்பு தின்னும் மின்சாரம். அது தரும் வெளிச்சத்துக்கு "லூமன்" என்று பெயர். பழைய 60 வாட் பல்பு சுமார் 700 லூமன் தந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பி.ஐ.எஸ். பதிவு எண், நட்சத்திர முத்திரை, உத்தரவாதக் காலம் மூன்றும் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். எரிய விட்டு, செல்போன் கேமரா வழியாகப் பாருங்கள். படத்தில் கறுப்புப் பட்டைகள் பலமாக ஓடினால் அந்த பல்பு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது என்று அர்த்தம். அதைப் பிள்ளைகளின் படிப்பு மேஜைக்கு வாங்க வேண்டாம்.

இன்னும் புதுப்புது விளக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. காலையில் வெள்ளையாகவும் மாலையில் மஞ்சளாகவும் தானே மாறும் பல்பு வந்துவிட்டது. காகிதம் போல் மெல்லிய, தகடாகவே ஒளிரும் விளக்கும் வந்திருக்கிறது. நாளை அவையும் மலிவாகலாம்.

எது வந்தாலும், வீடு கட்டும்போதே விளக்குக்கு இடம் யோசிக்க வேண்டும். சுவர் எழுப்பி, பூச்சுப் பூசிய பிறகு "எங்கே பல்பு மாட்டலாம்?" என்று கேட்டால், மிஞ்சுவது கூரையின் நடுப்புள்ளிதான். மாடக்குழியைச் சுவர் எழுப்பும்போதே அல்லவா வைத்தார்கள்!

இன்று மாலை விளக்கு வைத்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் யார் யார் எங்கே உட்கார்ந்து என்ன வேலை செய்கிறார்கள் என்று சுற்றிப் பாருங்கள். யார் முகத்தில் வெளிச்சம் குத்துகிறது? யார் கையில் நிழல் விழுகிறது? ஒரு விளக்கை ஒரு முழம் தள்ளி மாட்டினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். அதற்குப் பத்து ரூபாய்கூடச் செலவு இல்லை!